ஏற்காட்டு மர்மக் கேமுக்கு எத்தனை முடிவுகள் வேண்டும்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு படிக்க வருபவர்களுக்கும் புரியும். சேலத்தில் இறுதியாண்டு படிக்கும் நீங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு மர்மக் கேம் செய்கிறீர்கள். இடம் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட். பழம் பறிக்கும் நவம்பர் மாதத்தில் எஸ்டேட் மானேஜர் குடோனுக்குள் இறந்து கிடக்கிறார். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டராக நாம் ஆடுகிறோம். சந்தேகத்துக்குரியவர்கள் ஆறு பேர். கூடவே வந்து வழிகாட்டும் இளம் எஸ்டேட் ரைட்டர், அதாவது கணக்கு எழுதுபவர்தான் கொலை செய்தவர் என்பது கடைசித் திருப்பம். ஆடும் விதத்தைப் பொறுத்துக் கதைக்கு மொத்தம் 12 முடிவுகள். “இந்த ட்விஸ்டை யாரும் முன்கூட்டியே கண்டுபிடிக்காதபடி எழுதுவது எப்படி? 12 முடிவுகள் போதுமா?” என்று கேட்கிறீர்கள்.

நான் பத்து வருடத்துக்கு மேலாகக் கேம்களுக்குக் கதை எழுதுகிறேன். வளர்ந்தது கோரிமேட்டில். ஏற்காடு ஏறும் பஸ் எல்லாம் எங்கள் வீட்டுப் பக்கமாகத்தான் போகும். அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் ஆசையாக இருந்தது, பதிலும் நீளமாகிவிட்டது. போர்ட்டோபியா, ஹெவி ரெயின், டிஸ்கோ எலிசியம் ஆகிய மூன்று கேம்களின் ரகசியத்தை இதில் உடைத்துத்தான் சொல்கிறேன். ஆடப்போகிறவர்கள் ஆடிவிட்டு வந்து படியுங்கள்.

உதவியாளரே கொலைகாரர் என்ற திருப்பம் 1983லேயே வந்துவிட்டது. ஜப்பானில் யூஜி ஹோரி எழுதிய போர்ட்டோபியா தொடர்கொலை வழக்கு என்ற கேம் அது. பின்னாளில் டிராகன் குவெஸ்ட் தொடரை உருவாக்கியவரும் இவர்தான். அந்தக் கேமில் நீங்கள் முகம் தெரியாத மேலதிகாரி. ‘அங்கே போ’, ‘இதை எடு’, ‘அவரை விசாரி’ என்று நீங்கள் கட்டளை போட, யாசு என்ற உதவியாளர் எல்லாவற்றையும் செய்வார். கடைசியில் அவர்தான் குற்றவாளி. தோளில் இருக்கும் பட்டாம்பூச்சி வடிவ மச்சம்தான் அடையாளம். அதைப் பார்க்க, இத்தனை நேரம் யாரை ஏவிக்கொண்டிருந்தீர்களோ அவரையே சட்டையைக் கழற்றச் சொல்லி நீங்கள் கட்டளை போட வேண்டும்.

‘குற்றவாளி யாசுதான்’ என்ற வரி ஜப்பானில் ஏறக்குறைய பழமொழி மாதிரி ஆகிவிட்டது. ரகசியம் ஊருக்கே தெரிந்த பிறகும் 40 வருடமாக அந்தக் கேமைப் பற்றிப் பேசுகிறார்கள். காரணம், யாசு நம் பக்கத்தில் நின்ற ஆள் மட்டும் இல்லை. அவர்தான் நம் கை, நம் கண். அந்தக் கேமை எப்படி ஆடுகிறோம் என்பதற்குள்ளேயே திருப்பம் ஒளிந்திருந்தது.

உங்கள் ரைட்டர் ஆடுபவருக்கு என்ன செய்து கொடுக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய குறிப்பில் அவர் வழி காட்டுகிறார், ஜீப் ஓட்டுகிறார், அவ்வளவுதான். எஸ்டேட்டில் ரைட்டரின் வேலையே கணக்கு எழுதுவது. யார் எத்தனை கிலோ பழம் பறித்தார், யாருக்கு எவ்வளவு முன்பணம், குடோன் சாவி யாரிடம் போனது எல்லாம் அவர் எழுத்தில்தான் இருக்கும். அப்படியானால் கேமின் முதல் பாதியில் பேரேட்டை அவர்தான் இன்ஸ்பெக்டருக்கு வாசித்துக் காட்டட்டும். இரண்டாம் பாதியில் அதே பேரேடு நேரடியாக ஆடுபவர் கைக்கு வரட்டும். அவர் வாசித்தபோது ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்பதை ஆடுபவர் தானே பார்க்க வேண்டும். எந்தப் பாத்திரமும் அதைச் சுட்டிக்காட்டக் கூடாது. திருப்பம் ஆடுபவரின் கையிலேயே நடக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2010இல் வந்த ஹெவி ரெயினில் ஸ்காட் ஷெல்பி என்ற துப்பறிவாளராக நாமே ஆடுவோம். ஒரு பொத்தானை அழுத்தினால் அவர் மனதில் ஓடுவதையும் கேட்கலாம். கடைசியில் தொடர்கொலைகாரர் அவர்தான். ஒரு பழம்பொருள் கடைக்காரரை அவர் கொல்லும் நேரத்தில் காமிரா அவர் பக்கமே இருக்காது. மனக்குரலும் தெரியாதவர் மாதிரியே பேசும். அந்தக் கேமை நான் ரசித்தேன், ஆனால் அந்த இடம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஒருவர் மனதுக்குள் நம்மை உட்காரவைத்துவிட்டு அங்கேயும் பொய் சொன்னால், அப்புறம் நாம் எதை வைத்துத் துப்புத் துலக்குவது? நீங்கள் இன்ஸ்பெக்டராக ஆடவைக்கிறீர்கள் என்பதால் உங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ரைட்டரின் மனது நமக்குத் தெரியாமல் இருப்பது இயல்பு. அவர் வாயிலிருந்து வரும் வரிகளை மட்டும் கவனமாக எழுதினால் போதும்.

ஒவ்வொரு வரியும் இரண்டு முறை ஆடும்போது இரண்டு பொருள் தர வேண்டும். “மானேஜர் எப்படிப்பட்டவர்?” என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார் என்று வையுங்கள். ரைட்டர் சொல்கிறார்: “அவர் இல்லைன்னா நான் இன்னைக்கு இந்த இடத்துலயே இருக்க மாட்டேன் சார்.” முதல் முறை அது நன்றி. உண்மை தெரிந்த பிறகு, பழிவாங்கத்தான் இந்த எஸ்டேட்டுக்கு வந்தார் என்பதை அவரே முதல் நாளே சொல்லிவிட்டார் என்று ஆகிறது. அவர் பொய் சொல்லவே இல்லை. இப்படி ஏழெட்டு வரி இருந்தால், ஆடி முடித்தவர் அன்று இரவே திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார்.

தமிழில் எழுதுவதால் உங்களுக்கு ஒரு கஷ்டமும் இருக்கிறது, ஒரு பெரிய வசதியும் இருக்கிறது. கஷ்டம் இது: “யாரோ ஓடினான்” என்று ஒரு சாட்சி சொன்னால் ஆள் ஆண் என்று தெரிந்துவிடும். “ஓடினாள்” என்றால் பாதிப்பேர் பட்டியலிலிருந்து போய்விடுவார்கள். நம் வினைச்சொல் ஆணா பெண்ணா என்று மட்டும் இல்லை, பேசுபவர் அந்த ஆளை மதிக்கிறாரா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். “யாரோ போனாங்க” என்று எழுதினால் தப்பிக்கலாம், பேச்சில் அது இயல்பும்கூட. ஆனால் தோட்டத்து ஆட்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் “போனான், வந்தான்” என்று சொல்லும் ஒரு பெரியவர், அந்த ஓர் உருவத்தை மட்டும் “போனாங்க” என்று சொன்னால்? இருட்டில் பார்த்த ஆள் யாரென்று அவருக்குத் தெரியும், அதுவும் தான் மதிக்கிற ஆள் என்று கவனமாகப் படிப்பவர் பிடித்துவிடுவார். இது ஒரு முழுத் தடயம்.

வசதி, நாம - நாங்க வேறுபாடு. எனக்கு இதில்தான் அதிக ஆசை, உங்கள் கதைக்கென்றே இருப்பது மாதிரி இருக்கிறது. இன்ஸ்பெக்டரும் ரைட்டரும் சேர்ந்து வயதான இரவுக் காவலாளியை விசாரிக்கிறார்கள். அவர் சொல்கிறார்: “அன்னைக்கு ராத்திரி நாம குடோனைப் பூட்டினப்ப உள்ள விளக்கு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துது.” பெரியவர் ஏதோ பேச்சுவாக்கில் சொல்கிறார் என்று ஆடுபவர் கடந்துவிடுவார். ‘நாங்க’ என்றால் எதிரே நிற்பவர் அதில் சேர்த்தி இல்லை. ‘நாம’ என்றால் எதிரே நிற்பவரும் உண்டு. சென்னையிலிருந்து நேற்று வந்த இன்ஸ்பெக்டர் அந்த இரவில் அங்கே இல்லை. அப்படியானால் பெரியவர் யாரைப் பார்த்துப் பேசினார்? பக்கத்தில் நின்ற ரைட்டரை. கொலை நடந்த இரவில் ரைட்டர் குடோன் வாசலில் இருந்தார் என்பதை முதல் அரைமணி நேரத்திலேயே, அவரை வைத்துக்கொண்டே சொல்லியாகிவிட்டது. வரைபவரிடம் சொல்லி, அந்தப் பெரியவரின் பார்வையை இன்ஸ்பெக்டருக்குச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள், போதும்.

உறவுச் சொற்களையும் விடாதீர்கள். சேலத்துக்கு மேற்கே கொங்குப் பக்கக் குடும்பங்களில் அம்மாவின் அப்பா அப்புச்சி, அப்பாவின் அப்பா அப்பாரு. ரைட்டர் ஒரு தடவை டீ குடிக்கும்போது “எங்க அப்புச்சி வச்ச சில்வர் ஓக் மரம் இன்னும் நிக்குது” என்று சொல்லட்டும். எஸ்டேட் யாரிடமிருந்து கைமாறியது என்று பழைய பத்திரங்களில் தேடும் ஆடுபவர் ரைட்டரின் அப்பா வழிப் பெயரைத் தேடுவார், ஒன்றும் கிடைக்காது. அம்மா பிறந்த வீட்டுப் பெயரைத் தேடினால்தான் நோக்கம் வெளியே வரும். ஆனால் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து ஆடுபவருக்கு அப்புச்சி என்றால் தெரியாமல் போகலாம். அதனால் வேறொரு காட்சியில், கொலைக்குச் சம்பந்தமே இல்லாமல், ஒரு குழந்தை அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவரட்டும்.

உள்ளூர்க்காரருக்கு மட்டும் தெரிந்த எந்தச் செய்தியையும் தடயமாக வைப்பதற்கு முன், அதைக் கேமுக்குள்ளேயே ஒரு முறை அலட்சியமாகச் சொல்லிவிட வேண்டும். இந்த விதியை மட்டும் நான் எங்கேயும் தளர்த்தியதில்லை. நீங்கள் வைத்திருக்கும் சாலைத் தடயம் இதற்குச் சரியான உதாரணம். சேலத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவு உள்ள அடிவாரச் சாலைதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை ஏறுவது அங்கே பழகியவர்களுக்குத்தான் தெரியும். அடிவாரச் சோதனைச்சாவடியில் ஒருவருடைய வண்டி பதிவாகவில்லை, அதனால் அவர் மேலே வரவில்லை என்ற வாதம் குப்பனூர் சாலையால் உடைகிறது. நல்ல தடயம். ஆனால் ஆடுபவர் அந்தப் பாதையைப் பற்றிக் கடைசியில்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார் என்றால் அது ஏமாற்று. தொடக்கத்தில் ஒரு பஸ் கண்டக்டர் “மழையில மண்ணு சரிஞ்சா குப்பனூர் வழியாத்தான் சுத்தி விடுவாங்க” என்று அலுத்துக்கொண்டால் கணக்குத் தீர்ந்தது.

காபிப் பூவை நீங்கள் பயன்படுத்தவே இல்லை என்பது எனக்கு வருத்தம். கோடையின் தொடக்கத்தில் பெய்யும் மழையை நம்பித்தான் காபிச் செடி பூக்கும். மழை பெய்து ஒரு வாரம், பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை மாதிரி மணந்து, சில நாளில் உதிர்ந்துவிடும். நவம்பரில் தோட்டத்தில் இருப்பது சிவந்த பழம். மானேஜர் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்தில் நவம்பர் தேதி போட்டு, “ஜன்னலைத் திறந்தால் பூ வாசம்” என்று ஒரு வரி இருந்தால், அது மார்ச்சிலோ ஏப்ரலிலோ எழுதப்பட்ட கடிதம், தேதி பிறகு மாற்றப்பட்டிருக்கிறது. எஸ்டேட் அலுவலகச் சுவரில் பூத்த தோட்டத்தின் புகைப்படமும் அடியில் மாதமும் இருக்கட்டும்.

யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். ஆறு பேரில் ஒருவரைக் குருட்டாம்போக்கில் காட்டினாலே ஆறில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். சந்தேகப்படுவது வேறு, நிரூபிப்பது வேறு. 2018இல் லூகாஸ் போப் தனி ஆளாக உருவாக்கிய ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் கேமில் ஒரு கப்பலில் இருந்த 60 பேரின் கதி என்ன ஆனது என்று நாம் நிரப்ப வேண்டும். மூன்று பேருடைய விவரம் முழுக்கச் சரியாக இருந்தால்தான் ‘சரி’ என்று கேம் ஒப்புக்கொள்ளும். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் குறுக்குவழி அதனால் அடைபடுகிறது. உங்கள் கேமில் யார், எப்படி, ஏன் என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். 6 பேர், 4 வழி, 5 நோக்கம் என்றால் 120 சேர்க்கைகள். எது தப்பு என்று தனியாகச் சொல்லாதீர்கள். ரைட்டர் மேல் முதல் நாளே சந்தேகப்பட்டவரும் நோக்கத்தைத் தேடிக் கடைசி வரை வருவார்.

டிஸ்கோ எலிசியத்தில் (2019) கொலைகாரரை நாம் கடைசியில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறோம். மர்மக் கதைக்கு இது பெரிய விதிமீறல். அங்கே அது எடுபட்டதற்குக் காரணம், அந்தக் கேம் முழுவதும் நாம் தேடுவது கொலைகாரரை விட அந்தத் துப்பறிவாளர் யார் என்பதையும், அந்த ஊருக்கு என்ன ஆயிற்று என்பதையும்தான். அதைப் பார்த்து நீங்களும் அப்படிச் செய்ய வேண்டாம். உங்கள் கதை யார் செய்தார் என்ற கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

இனி முடிவுகள். 12 அதிகம் என்று நினைக்கிறேன். என் முதல் கேமில் ஒன்பது முடிவுகள் எழுதினேன், நான்கு மாத உழைப்பு. ஆடிய நண்பர்கள் எட்டுப் பேரும் ஒரு முடிவைப் பார்த்ததும் கேமை மூடிவிட்டார்கள். இரண்டாவது முறை ஆடியவர் ஒரே ஒருவர். மீதி முடிவுகளை என்னைத் தவிர யாரும் படிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது, ஆடுபவர் ஒரு முடிவைப் பார்க்கும்போது அது தனக்குரிய முடிவு என்று அவருக்குத் தோன்ற வேண்டும். லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் (2015) கேமில் ஐந்து அத்தியாயம் முழுக்க நாம் எத்தனையோ முடிவெடுத்த பிறகு, கடைசியில் இரண்டே வழி வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். காட்சி மனதைப் பிசையும், ஆனால் அதுவரை நாம் செய்தது எதுவும் அந்த இடத்தில் எண்ணிக்கைக்கு வருவதில்லை.

உங்கள் 12இல் நான்கு முடிவுகளில் கொலைகாரரே வேறு ஆளாக மாறுகிறார். அதை அவசியம் எடுத்துவிடுங்கள். ஆடுபவர் நடுவில் எடுக்கும் முடிவால் பழைய கொலையைச் செய்தவர் மாறினால், அதுவரை பொறுக்கிய தடயங்கள் எல்லாம் செல்லாக்காசு. அப்படி மாற்றத்தான் வேண்டுமென்றால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். 1997இல் வெளியான பிளேட் ரன்னர் கேமில், யார் யார் செயற்கை மனிதர்கள் என்பது புதிய ஆட்டம் தொடங்கும்போதே குலுக்கல் முறையில் நிர்ணயமாகிவிடும். பிறகு எல்லாத் தடயமும் அதற்கேற்ப நிற்கும். மூன்று பேர் குழுவுக்கு அந்த வேலை தாங்காது.

பெண்டிமெண்ட் (2022) எனக்கு மிகவும் பிடித்த விடை. 16ஆம் நூற்றாண்டு பவேரியாவில் ஒரு சிற்றூர். கொலையை விசாரிக்கும் ஓவியராக ஆடுகிறோம். எல்லோரையும் விசாரிக்க நேரம் போதாது. கடைசியில் நீங்கள் கொடுக்கும் சான்றை வைத்து ஒருவருக்கு மரண தண்டனை. உண்மையில் அவர்தான் செய்தாரா என்று கேம் கடைசி வரை சொல்லாது. ஏழு ஆண்டு கழித்து அதே ஊருக்குத் திரும்புகிறோம். தண்டிக்கப்பட்டவரை ஊர் இன்னும் மறக்கவில்லை. முடிவு என்பது கடைசித் திரையில் மட்டும் இருக்க வேண்டியதில்லை என்று எனக்குக் காட்டியது இந்தக் கேம்தான்.

இதை உங்கள் எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்தால் நான்கு முடிவுகள் போதும். தவறான ஆள் கைதாவது ஒன்று. ஆள் சரி, நோக்கம் தவறு என்பது இன்னொன்று. இதில் ரைட்டர் பணத்துக்காகக் கொன்றவராகப் பதிவாகி, அவர் குடும்பம் நிலத்தை இழந்த கதை யாருக்கும் தெரியாமலேயே புதைந்துபோகும். முழு உண்மையும் தெரிந்து வழக்கில் எழுதுவது மூன்றாவது. முழு உண்மையும் தெரிந்து, நிலப் பத்திரத்தை மட்டும் வெளியே கொண்டுவந்துவிட்டு ஆளைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது நான்காவது. முதல் மூன்றையும் பிரிப்பது ஆடுபவர் எவ்வளவு புரிந்துகொண்டார் என்பது. கடைசி இரண்டையும் பிரிப்பது மட்டும் அவர் மனது. அந்தத் தேர்வை, எல்லாம் தெரிந்தவருக்கு மட்டும் காட்டுங்கள். ஒவ்வொன்றின் இறுதியிலும் அடுத்த வருடம் பழம் பறிக்கும் காலத்தில் காபி உலர்த்தும் அதே களத்தைக் காட்டுங்கள். யார் பேரேடு எழுதுகிறார், தொழிலாளர் குடியிருப்பில் யாருடைய லைன் வீடு பூட்டிக் கிடக்கிறது, காவலாளி இருக்கிறாரா என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடும். காட்சி ஒன்றுதான், உள்ளே நான்கைந்து விஷயம் மாறும், வேலையும் குறைவு.

நடுவில் கிளைகளைக் கட்டுப்படுத்துவதும் முக்கியம். இரண்டு வழித் தேர்வு பத்து வைத்து, ஒவ்வொன்றும் தனிக்கிளையாகப் போனால் 1024 பாதைகள். யாராலும் எழுத முடியாது. கிளைகள் பிரிந்து திரும்பக் கூடட்டும். ஆடுபவர் எந்த வழியில் போனார் என்பதை விட அவருக்கு இப்போது என்னென்ன தெரியும் என்பதைக் குறித்துவையுங்கள். குப்பனூர் பாதை தெரியுமா, பூவின் மாதம் தெரியுமா, அப்புச்சி பெயர் தெரியுமா என்று பதினைந்து இருபது குறிகள் போதும். இங்க் என்ற எழுத்துக் கருவி இதற்கு மிக எளிது. 2016 முதல் இலவசமாகக் கிடைக்கிறது.

இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். உங்கள் வரைவில் சேர்வராயன் கோவில் குகையைப் பேய்க்காட்சிக்கும், மலைவாழ் மக்களில் ஒருவரை மந்திரவாதி மாதிரியான போலிச் சந்தேக ஆளாகவும் வைத்திருக்கிறீர்கள். அந்தக் கோவில் அந்த மக்கள் வருடாவருடம் மே மாதம் திருவிழா எடுத்துக் கும்பிடும் இடம். பயமுறுத்துவதற்கு அவர்களுடைய சாமியை எடுத்துக்கொள்ளாதீர்கள். பனிமூட்டமும், பூட்டிய குடோனும், களத்தில் தார்ப்பாயை இழுக்கும் காற்றும் இருக்கின்றன. அந்த ஆளை வேண்டுமானால் பேரேட்டில் தன் கூலி குறைவதை முதலில் கண்டுபிடித்தவராக மாற்றுங்கள். கதைக்கும் அது உதவும்.

எஞ்சினைப் பற்றியும், அதாவது கேமைக் கட்டும் மென்பொருளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சில எஞ்சின்களில் தமிழ் எழுத்து உடையும். ‘கொலை’ என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். மர்மக் கேமில் ஒவ்வொரு எழுத்தும் தடயம் என்பதால் இதில் சமாதானம் ஆக முடியாது. கோடோ என்ற எஞ்சினில் 4ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2023 முதல், தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேர்ந்து வருகின்றன. அதையே எடுங்கள்.

சோதனைக்கு ஒரு வழி சொல்கிறேன். முதல் பாதி தயாரானதும், கேம் பற்றி எதுவும் தெரியாத நான்கு பேரைத் தனித்தனியாக உட்காரவைத்து ஆடவிடுங்கள். வாய் திறக்காதீர்கள். முடித்ததும் தட்டுவடை செட் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய், “இதுவரை என்ன நடந்தது, சொல்லுங்க” என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் கதையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தடயத்தைத் தப்பாக நினைவு வைத்திருக்கிறார்கள், எதைச் சொல்லவே இல்லை என்று பாருங்கள். காவலாளியின் ‘நாம’ நாலு பேருக்குமே நினைவில் இருந்தால் அது கொஞ்சம் சத்தமாக இருக்கிறது. நாலு பேருக்குமே இல்லை என்றால் அந்த வரி பேச்சின் நடுவில் அமுங்கிவிட்டது, அதைக் கடைசி வரியாக மாற்றிவிட்டு இன்னும் நாலு பேரைக் கூப்பிடுங்கள்.